தாளமும் கதையும் கற்பிக்கும் கணக்கு



நான்கு வயதுக் குழந்தை ஒன்று முதல் இருபது வரை தடங்கலின்றி ஒப்புவிப்பதைக் கேட்டுப் பெற்றோர் பூரிப்பதுண்டு. அக்குழந்தையின் முன்னே ஏழு புளியங்கொட்டைகளைப் பரப்பி, "இவை எத்தனை?" என்று வினவிப் பாருங்கள். ஒரு கொட்டையை இருமுறை தொடும். இன்னொன்றைத் தொடாமலே செல்லும். ஒன்பது என்றோ பத்து என்றோ முடிக்கும். எண்ணின் பெயரை அறிதல் வேறு; எண்ணுதல் வேறு. இவ்வேறுபாட்டை உணராமல் கூட்டலையும் கழித்தலையும் குழந்தையின் தலையில் ஏற்றும்போதே கணக்கின்மீது அச்சம் பிறக்கின்றது. 'இவனுக்குக் கணக்கு வராது' என்ற பழிச்சொல்லும் அதன்பின் வந்து ஒட்டிக்கொள்கின்றது.

எண்ணுவதற்கு வேண்டுவன யாவை? கெல்மன், கலிஸ்டல் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1978 இல் வெளியிட்ட நூலில் இதனை ஆராய்ந்தனர். அவர்கள் கூறியவற்றுள் மூன்று இங்கே முதன்மையானவை. பொருள் ஒன்றுக்குச் சொல் ஒன்றே உரியது; சொற்களின் வரிசை மாறலாகாது; இறுதியாகச் சொன்ன எண்ணே மொத்தத் தொகையாகும்.

முதலிரண்டையும் பயிற்றுவதற்குத் தாளத்தை விஞ்சிய ஆசிரியர் இல்லை. குழந்தையின் நா விரைந்து ஓடும், விரலோ பின்தங்கும். கை தட்டி, தட்டுக்கு ஒரு சொல்லாகப் பாடும்போது நாவும் கையும் இணைகின்றன. பாட்டின் சந்தமோ சொற்களின் வரிசையைப் பிறழாது காக்கின்றது. நமது ஆதி தாளத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு தட்டும் மூன்று விரல் எண்ணிக்கையும் சேர்ந்து நான்கு, பின்னர் தட்டும் வீச்சுமாக இரண்டு, மீண்டும் இரண்டு, ஆக எட்டு. நான்கும் இரண்டும் இரண்டும் எட்டு என்பதைக் குழந்தை எழுத்தறியுமுன்னே தன் கையால் அறிந்துகொள்கின்றது. ரூபக தாளத்திலோ இரண்டும் நான்கும் ஆறாகின்றன.

இனி, கதைக்கு வருவோம். வீரமாமுனிவர் 18 ஆம் நூற்றாண்டில் எழுதிய பரமார்த்த குருவின் கதையை நீங்கள் அறிவீர்கள். குருவும் சீடர் ஐவரும் ஆற்றைக் கடக்கின்றனர். கரையேறியதும் எண்ணுகின்றனர். எண்ணுபவர் தம்மை விட்டுவிடுவதால் ஐவரே தேறுகின்றனர். ஒருவரை ஆறு கொண்டுபோயிற்றென்று அழுகின்றனர். வழிப்போக்கன் ஒருவன் ஒவ்வொருவர் முதுகிலும் ஓரடி வைத்து, அடிக்கு ஒருவராக எண்ணச் செய்ததும் அறுவரும் இருப்பது தெரிகின்றது. பொருள் ஒன்றுக்குச் சொல் ஒன்று என்னும் விதி இதுவேயன்றோ! நம் வீட்டில் முதுகு வேண்டா, கைத்தட்டே போதும். இக்கதையைக் கூறி, "அவர்கள் விட்ட பிழை என்ன?" என்று கேளுங்கள். பிறர் பிழையைக் கண்டுபிடிப்பதில் குழந்தைக்கு உள்ள இன்பம் அளவற்றது.

கதை கூறுகையில் இடையிடையே நிறுத்திக் கேட்பதும் நன்று. மாமரத்தில் ஐந்து கிளிகள் இருந்தன, இரண்டு பறந்தன, எஞ்சியவை எத்தனை? விரல்களே கிளிகளாகட்டும். இரண்டை மடக்கியதும் விடை கண்முன் நிற்கும். கழித்தல் என்ற சொல்லைக் கூறாமலே கழித்தல் விளங்கிவிடும்.

ஒரு செய்தியை மறத்தலாகாது. சுவிற்சர்லாந்து அறிஞர் பியாசே, 1941 இல் வெளிவந்த தமது நூலில் ஒரு சோதனையை விளக்கினார். சம எண்ணிக்கையுள்ள பொருள்களை இரு வரிசையாக வைத்து, ஒரு வரிசையை மட்டும் அகலப் பரப்பினால், அதிலேயே பொருள்கள் மிகுதியென இளங்குழந்தைகள் பலர் கூறுவர். அது மந்தபுத்தியன்று, வளர்ச்சியின் ஒரு படி. ஆகவே கடிந்துகொள்ளாதீர்கள். பரப்பியவற்றை மீண்டும் நெருக்கி வைத்து, குழந்தையையே எண்ணச் செய்யுங்கள்.

தாய்மார்களே, இவற்றுக்குப் பொருட்செலவு இல்லை. மாலையில் பத்து நிமிடம், கையளவு புளியங்கொட்டை, ஒரு பாட்டு, ஒரு கதை; இவை போதும். உணவு பரிமாறும்போது ஆளுக்கொரு கோப்பை வைக்கும் பணியைக் குழந்தையிடமே ஒப்படையுங்கள். எண் என்பது அச்சுறுத்தும் பூதமன்று, தன்னோடு விளையாடும் தோழனே என்று உணர்ந்த குழந்தை, பாடசாலையில் கணக்குப் புத்தகத்தைத் தயங்காது திறக்கும்.