நரம்பை வாட்டும் ஜீன்!

உய்யக்கொண்டான் வாய்க்கால் வறண்டால் வயல் என்ன ஆகும்? மண் நல்ல மண்தான். பயிர் வாடிவிடும்!

சில கைக்குழந்தைகளுக்கு இதே கதிதான். தசையில் குற்றமில்லை, தண்டுவடத்திலிருந்து தசையை இயக்கும் நரம்பு அணுக்கள் மடிகின்றன. தலை நிற்காது. மூச்சும் திணறும்.

காரணம், எஸ்.எம்.என்.1 என்ற ஜீன். 1995-ல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். நரம்பு அணு பிழைத்திருக்கத் தேவையான புரதம் இதனால் உண்டாகிறது. தாய் தந்த ஜீன், தந்தை தந்த ஜீன் இரண்டும் கெட்டிருந்தால்தான் நோய்.

திருச்சி, ஸ்ரீரங்கம் வட்டாரத்திலும் மாமன் மகளைக் கட்டுவது உண்டல்லவா? பாட்டியின் கெட்ட ஜீன் இருவரிடமும் இருக்கலாம். அப்படியானால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. ஜாதகத்தில் இது தெரியாது. ரத்தப் பரிசோதனையில் தெரியும்.

2019-ல் அமெரிக்காவில் ஓர் ஊசி மருந்து வந்தது. அன்றைய விலை சுமார் 16 கோடி ரூபாய்! 2021-ல் தமிழ்நாட்டுக் குழந்தை ஒன்றுக்கு, பலர் கொடுத்த நன்கொடையால் அது போடப்பட்டது.