நெல்வயலில் களைப்போட்டி

நிலத்தின் உரமும் நீரும், அதன்மேல் விழும் வெயிலும் ஓர் அளவிற்குட்பட்டவை. அவற்றில் களை கவர்வது பயிருக்குக் கிட்டாது. புதுவையின் நெற்களஞ்சியமான பாகூர் கொம்யூனிலும் ஏனைய நஞ்சைகளிலும் சொர்ணவாரி, சம்பா, நவரை ஆகிய மூன்று பட்டங்களிலும் குடியானவர்கள் இந்நஷ்டத்தை அடைகின்றனர்.

நஷ்டத்தின் அளவு சிறிதன்று. ஜபல்பூர் களை ஆராய்ச்சி நிலையத்தார் 2018 ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, இந்தியாவில் களையால் குறையும் மகசூல், நடவு நெல்லில் சராசரி நூற்றுக்கு 13.8 பங்கு; நேரடி விதைப்பு நெல்லில் 21.4 பங்கு; நிலக்கடலையில் 35.8 பங்கு. நடவு நாற்று களையினும் மூத்தது. நீரும் உடனே தேங்குகிறது. நேரடி விதைப்பிலோ இரண்டும் ஒன்றாய் முளைக்கின்றன. ஆட்பற்றாக்குறையால் நடவைக் கைவிடுவோர் இதை நினைவிற்கொள்ளல் வேண்டும்.

நெற்களைகளுள் கொடியது குதிரைவாலிப் புல். வெப்பத்திலும் கடும் வெயிலிலும் அது நெல்லைவிட விரைவாய் உணவு சமைத்து உயர்ந்து, பயிருக்கு நிழலிடுகிறது. தூர்கட்டும் பருவத்தில் நிழலும் தழைச்சத்துக் குறைவும் சேர்ந்தால் கதிர் ஈனும் தூர்கள் குறையும். பின்னர்க் களையெடுப்பினும் இழந்த கதிர்கள் முற்றும் மீள்வதில்லை. ஆகவே, நட்டபின் முதல் 30 முதல் 45 நாட்களே முக்கியமானவை.

இளம்பருவத்தில் இப்புல் நெல்லைப்போலவே தோன்றும். இலையும் தாளும் கூடுமிடத்தைப் பிரித்து நோக்கின், நெல்லுக்கு நாக்குப் போன்ற மெல்லிய சவ்வும், மயிருள்ள சிறு காதுகளும் காணப்படும். குதிரைவாலிப் புல்லுக்கு இவ்விரண்டும் இல்லை. களையெடுக்கும் பெண்களுக்கு இவ்வடையாளத்தைக் காட்டிக்கொடுத்தல் நலம்.

தடுக்கும் முறைகள் வருமாறு:

1. களைவிதை கலவாத விதையைத் தெரிந்தெடுத்து, வயலைச் சமமாக்குக. மேட்டிலேயே களை மிகும்.

2. நாற்று வேர்பிடித்தபின் சுமார் 5 சென்டிமீட்டர் நீர் நிறுத்துக. பெரும்பாலான களைவிதைகள் நீரின்கீழ் முளைப்பதில்லை.

3. வரிசை நடவில் 10 நாட்களுக்கு ஒருமுறை உருளும் களைக்கருவியை ஓட்டுக. 1983 இல் மடகாஸ்கரில் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் வகுத்த திருந்திய நெல் சாகுபடியிலும் இது இன்றியமையாதது. களை சேற்றில் அமிழ்ந்து எருவாகும்.

4. களைக்கொல்லி வேண்டின், நட்ட 3 முதல் 5 நாட்களுக்குள் பிரெட்டிலாக்குளோரை லேபிளிற் குறித்த அளவில் மணலிற் கலந்து, மெல்லிய நீர்ப்பரப்பில் தூவுக. சேற்று விதைப்பிற்கு, பயிர்ப்பாதுகாப்பான் சேர்ந்த வகையே ஏற்றது.

ஐயமுள்ளோர் வயலில் 1 சதுர மீட்டர் இடத்தைக் களையெடுக்காது விட்டு, அறுவடையின்போது களையையும் பயிரையும் வெவ்வேறாய் உலர்த்தி நிறுக்கட்டும். களையெடுத்த இடத்தில் அதே அளவு பயிரை அறுத்து ஒப்பிடட்டும். இரு இடங்களின் மொத்த எடையில் பெரிய வேறுபாடு இல்லாதிருக்கக்கூடும். ஆயின் நெல்மணியின் எடை வேறுபடும். நிலம் இரண்டிடத்தும் உழைத்தே இருக்கிறது. ஓரிடத்தில் அவ்வுழைப்பு புல்லுக்குப் போயிற்று என்பதைத் தராசே காட்டும்.