தலைக்கு நோகாத உணரி

நுழையும்முன்

உடலைக் கீறாமலும் தலையைத் துளைக்காமலும் மூளையின் செயற்பாட்டை அறியும் வழியை அறிவியல் கண்டுள்ளது. அதற்கான கருவி, அணிபவருக்கு இதமாக இருக்க வேண்டுவது ஏன் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

நிலத்தடியில் ஒரு பாடம்

கோலார் தங்கவயல் என்றவுடன் பொன்னே நினைவுக்கு வரும். வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த நிலம் அது. அங்குள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடையது. அச்சுரங்கத்தில் பொன்னினும் அரிய ஒன்றையும் தேடினர். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார், ஜப்பானிய, ஆங்கிலேய அறிஞர்களுடன் இணைந்து ஏறத்தாழ 2.3 கி.மீ. ஆழத்தில் கருவிகளை நிறுவினர். அண்டக்கதிர்களால் வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் அடையாளத்தை 1965ஆம் ஆண்டில் கண்டறிந்தனர்.

இவ்வாய்வை நிலத்தின்மேல் நடத்த இயலாது. அங்கே பிற துகள்கள் ஓயாது பொழிவதால் நியூட்ரினோவின் அடையாளம் அவற்றுள் மறைந்துவிடும். சுரங்கத்தின் மேலிருந்த பாறை அத்துகள்களைத் தடுத்தது. மெல்லிய குரலைக் கேட்க விரும்பினால் முதலில் இரைச்சலை அடக்க வேண்டும் என்பதை இதனால் அறிகிறோம். மூளையை ஆராய்வோரும் இதே இடர்ப்பாட்டையே எதிர்கொள்கின்றனர்.

மூளையின் மெல்லிய குரல்

நம் மூளையின் நரம்பணுக்கள் மின்குறிப்புகளால் ஒன்றோடொன்று தொடர்பு கொள்கின்றன. பல்லாயிரக்கணக்கான அணுக்கள் ஒருங்கே இயங்கும்போது தோன்றும் மின் மாற்றத்தைத் தலையின் மேற்றோலிலும் அளக்கலாம். ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924ஆம் ஆண்டில் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்து, 1929ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டார். இப்பதிவையே மருத்துவமனைகளில் இ.இ.ஜி. என வழங்குகின்றனர்.

மண்டையோட்டையும் தோலையும் கடந்து வரும் இம்மின்னலை மிகவும் மெலிந்தது. அது பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரோவோல்ட்டு அளவினது. கைவிளக்கின் மின்கலம் ஒன்று தருவது 1.5 வோல்ட்டு, 50 மைக்ரோவோல்ட்டு என்பது அதில் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு. கண்ணிமைத்தாலும் பல்லைக் கடித்தாலும் எழும் மின்குறிப்பு இதனை மூழ்கடித்துவிடும். இழுபடும் கம்பியும் சுவரிலுள்ள மின்னிணைப்பும் தம் பங்குக்கு இரைச்சலைச் சேர்க்கும்.

இதமும் உண்மையும்

மின்குறிப்பை ஏற்கும் சிறு உலோகத் தகட்டை மின்வாய் என்பர். வழக்கமான ஆய்வில், தலையை அளந்து குறித்த இடங்களில் 21 மின்வாய்களைப் பொருத்துவர். பெரும்பாலும் வெள்ளியும், சில கருவிகளில் பொன்முலாம் பூசிய கிண்ணங்களும் பயன்படுகின்றன. பொன் துருப்பிடிக்காது, மின்சாரத்தை நன்கு கடத்தும். தங்கவயலின் பொன்னுக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு.

மின்வாய்க்கும் தோலுக்கும் இடையே கூழ் போன்ற பசையைத் தடவுவர். அது தொடர்பை உறுதியாக்கும். ஆனால் சில மணி நேரத்தில் உலரத் தொடங்கும். பட்டை இறுகினால் தலை வலிக்கும். தளர்ந்தால் மின்வாய் நழுவும். உறுத்தலைப் பொறாதவர் தலையை அசைப்பார், கையால் தொடுவார், நெற்றியைச் சுருக்குவார். ஒவ்வோர் அசைவும் பதிவைக் கெடுக்கும். ஆகவே, இதம் என்பது கருவிக்குச் சேர்க்கப்படும் அணிகலன் அன்று; பதிவு உண்மையாக அமைவதற்கான அடிப்படையே அதுதான்.

நோய் நாள் குறித்து வருவதில்லை

தங்கவயலில் வாழும் ஒருவருக்கு வலிப்பு நோய் இருப்பதாகக் கொள்வோம். சிறப்பு மருத்துவத்திற்காக அவர் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்குத் தொடர்வண்டியில் செல்கிறார். அங்கே அரை மணி நேரம் பதிவு எடுக்கப்படுகிறது. அந்நேரத்தில் வலிப்பு வரவில்லை. பதிவும் இயல்பாகவே காணப்படுகிறது. இதனால் அவருக்கு நோய் இல்லை என முடிவு செய்ய இயலுமா? இயலாது. வலிப்பு நோயுடையோர் பலருக்கு இடைப்பட்ட வேளைகளில் பதிவு இயல்பாகவே அமையலாம்.

உண்ணும்போதும் உறங்கும்போதும் வேலை செய்யும்போதும் அணியத்தக்க கருவி இருந்தால், அரை மணியில் அகப்படாதது பல நாள் பதிவில் அகப்படக்கூடும். ஒரு நாள் முழுவதும் அணியும் கருவி இன்றும் உண்டு. எனினும், உறுத்துகின்ற கருவியை எவரும் நெடுநேரம் அணியார்.

வடிவமைப்போர் கண்ட வழிகள்

பசை வேண்டாத உலர் மின்வாய்கள் ஒரு வழி. சீப்பின் பற்களைப் போன்ற இவற்றின் சிறு முனைகள் முடியை விலக்கித் தோலைத் தொடுகின்றன. ஆயினும் பசையுள்ள மின்வாயைவிட இவற்றில் இரைச்சல் மிகும். எனவே மின்வாயின் அருகிலேயே சிறு பெருக்கியை அமைத்து, குறிப்பை அங்கேயே வலுப்படுத்துகின்றனர். காதுக்குள் பொருத்தும் உணரி மற்றொரு வழி. அது எளிதில் நழுவாது. பிறர் கண்ணிலும் படாது. ஆனால், மூளையின் எல்லாப் பகுதிகளையும் அதனால் அறிய முடியாது.

காந்தப்புலத்தை அளக்கும் முறையும் உண்டு. பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் இவ்வகைக் கருவி உள்ளது. வழக்கமான கருவியின் உணரிகளைத் திரவ ஹீலியத்தால் குளிர்விக்க வேண்டும். அதன் கவசத்திற்குள் தலையை அசையாமல் வைத்திருக்க வேண்டும். 2018ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அத்தகைய குளிர்விப்பு வேண்டாத உணரிகளைத் தலைக்கவசத்தில் பொருத்தி, அணிந்தவர் தலையசைத்தபோதும் பதிவு செய்து காட்டினர். அசையாதிருக்க இயலாத குழந்தைகளுக்கு இது நம்பிக்கை அளிக்கிறது.

யாருடைய தலைக்கு ஏற்றது?

எண்ணெய் தடவி, இறுகப் பின்னிய கூந்தலுடன் ஒரு சிறுமி ஆய்வுக்கு வந்தால், மின்வாய் தோலைச் சரிவரத் தொடாது. அதனால்தான் தலையைக் கழுவி, எண்ணெய் தடவாமல் வருமாறு முன்கூட்டியே கூறுகின்றனர். முடிக்கு ஏற்பக் கருவியை மாற்றவும் இயலும். அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் அர்னெல் எட்டியன் என்னும் மாணவி இடம்பெற்ற குழு, அடர்ந்து சுருண்ட முடியுடையோர்க்கென ஒரு முறையை 2020ஆம் ஆண்டில் வெளியிட்டது. முடியைத் தலையோடு ஒட்டிப் பின்னி, அப்பின்னல்களே மின்வாயைப் பிடித்துக்கொள்ளுமாறு அவர்கள் வடிவமைத்தனர். இடையூறாகக் கருதப்பட்ட பின்னல் அங்கே துணையாயிற்று.

நியூட்ரினோவைத் தேடியோர்க்கு இரைச்சலைத் தடுக்கப் பாறை துணைநின்றது. மூளையின் குரலைக் கேட்க மனிதரைச் சுரங்கத்திற்குள் இறக்க வேண்டுவதில்லை. அணிந்திருப்பதையே மறக்கச் செய்யும் கருவியை அமைத்தால், இரைச்சலில் பெரும்பகுதி தானே அடங்கும்.

சிந்தித்து எழுதுக

1. தங்கவயல் சுரங்கத்தில் நிகழ்ந்த ஆய்வுக்கும் மூளை மின்னலைப் பதிவுக்கும் உள்ள ஒப்புமை யாது?
2. அரை மணி நேரப் பதிவு இயல்பாக இருப்பதால் நோய் இல்லை என முடிவு செய்யலாகாது. ஏன்?
3. உலர் மின்வாய், காது உணரி ஆகியவற்றின் நன்மை, குறைகளை அட்டவணைப்படுத்துக.
4. உம் வீட்டு முதியவர் ஒருவர் இரவு முழுவதும் அணியத்தக்க கருவியை வடிவமைப்பதாயின், எவற்றை முதலில் கருத்தில் கொள்வீர்?