நாற்றுத் தட்டு திரும்பி வர வேண்டும்

சேலம், நாமக்கல் மாவட்டச் சமவெளியில் தக்காளி, கத்தரி, மிளகாய் பயிரிடுவோரில் பலர் இன்று மேட்டுப்பாத்தியில் நாற்று விடுவதில்லை. நிழல்வலைக் குடிலில் வளர்த்த குழித்தட்டு நாற்றை வாங்கி நடுகின்றனர். வீரிய ஒட்டு விதை விலை உயர்ந்தது. குழிக்கு ஒரு விதை போட்டால் விதை வீணாவதில்லை. வேர் அறுபடாமல் நடுவதால் நாற்று விரைவில் பச்சை பிடிக்கிறது.

ஆனால் நாற்று வயலுக்குப் போன பிறகு, அதைச் சுமந்து சென்ற தட்டு என்ன ஆகிறது? வரப்போரத்தில் வெயிலில் காய்ந்து நொறுங்குகிறது. இல்லையேல் குப்பையோடு சேர்த்து எரிக்கப்படுகிறது. நாற்றுப் பண்ணைக்காரர் மறுபடியும் புதுத் தட்டு வாங்குகிறார். அந்தச் செலவு அடுத்த போகத்தில் நாற்றின் விலையில் ஏறி விவசாயியிடமே வந்து சேர்கிறது.

எத்தனை தட்டு தேவை?

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2004-05இல் தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதியில் துல்லியப் பண்ணையத் திட்டத்தைத் தொடங்கியது. சொட்டுநீரோடு குழித்தட்டு நாற்றும் அத்திட்டத்தின் வழியே பல கிராமங்களில் அறிமுகமானது. பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி இணை வரிசையில் நட ஒரு ஹெக்டேர் வீரிய ஒட்டுத் தக்காளிக்குச் சுமார் 23,300 நாற்றுகள் வேண்டும். 98 குழி கொண்ட தட்டானால் 238 தட்டுகள். ஏக்கருக்குச் சுமார் 95 தட்டுகள் ஆகும். தட்டு ஒன்றை நிரப்ப ஏறத்தாழ 1.2 கிலோ தென்னை நார்க்கழிவு பிடிக்கும்.

கரும்பில் ஒரு பரு நாற்று நடுவோர் 50 குழித் தட்டைப் பயன்படுத்துகின்றனர். ஏக்கருக்கு 5,000 நாற்று என்றால் 100 தட்டு வேண்டும்.

தட்டு ஒன்றின் விலையை 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரே முறை பயன்படுத்தி எறிந்தால் நாற்று ஒன்றுக்குத் தட்டுச் செலவு மட்டும் 20 காசு. அதே தட்டு ஐந்து முறை உழைத்தால் 4 காசுதான். ஏக்கர் தக்காளிக்கு 1,900 ரூபாய் என்பது 380 ரூபாயாகக் குறைகிறது.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. ஒவ்வொரு முறையும் பத்தில் ஒரு தட்டு திரும்பி வரவில்லை என்றால், 100 தட்டு ஏழு முறைக்குள் 48 ஆகிவிடும். தட்டு எவ்வளவு கெட்டியானது என்பதைப் போலவே, எத்தனை தட்டு திரும்பி வருகிறது என்பதும் முக்கியம்.

தட்டோடு அனுப்புவதா, பிடுங்கி அனுப்புவதா?

நாற்றை வயலுக்குக் கொண்டு செல்ல இரண்டு வழிகள் உள்ளன. தட்டோடு கொண்டு சென்றால் வேர்க்கட்டி குலையாது. மழையாலோ ஆள் கிடைக்காததாலோ நடவு இரண்டொரு நாள் தள்ளினாலும் தண்ணீர் தெளித்துக் காப்பாற்றலாம். ஆனால் நாற்றுள்ள தட்டை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்க முடியாது. வண்டியில் இரும்புக் கோணத்தாலோ சவுக்குக் கட்டையாலோ அடுக்குச் சட்டம் அமைக்க வேண்டும். நாற்றின் நுனி மேல்தட்டில் இடிக்காதபடி இடைவெளி விடவேண்டும்.

இரண்டாவது, வேர்க்கட்டியை லேசாக நனைத்து, நாற்றைத் தட்டிலிருந்து உருவி, காற்றோட்டமுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் அடுக்குவது. தட்டு பண்ணையிலேயே தங்கிவிடும். வண்டியில் கூடுதல் நாற்று பிடிக்கும். ஆனால் அன்றைக்கே நட்டாக வேண்டும். பக்கத்து ஊராக இருந்து, ஆளும் தண்ணீரும் தயாராக இருந்தால் இந்த முறையே சிக்கனமானது. தூரத்து ஊருக்கும் நிச்சயமில்லாத நடவுக்கும் தட்டோடு அனுப்புவதே நல்லது.

எந்த முறையானாலும் மாலையிலோ விடியற்காலையிலோ ஏற்ற வேண்டும். தார்ப்பாய் போட்டு இறுக மூடினால் உள்ளே வெப்பம் ஏறி நாற்று வெந்துவிடும். நிழல்வலை போதும்.

சிலிண்டர் கற்றுத் தரும் பாடம்

சமையல் எரிவாயு சிலிண்டரும் 20 லிட்டர் தண்ணீர் கேனும் ஏன் காணாமல் போவதில்லை? முதலில் முன்பணம் கட்டுகிறோம். பிறகு காலியானதைக் கொடுத்து நிரம்பியதை வாங்குகிறோம். ஐரோப்பாவில் செடி வியாபாரத்திலும் இதே முறைதான். டென்மார்க்கில் 1970களில் தொடங்கிய ஒரு பொது அமைப்பு, ஒரே அளவுள்ள சக்கர வண்டிச் சட்டங்களைச் செடி வளர்ப்போருக்கும் வியாபாரிகளுக்கும் பொதுவாக்கியது. செடி ஏற்றிய சட்டத்தை இறக்குபவர் ஒரு காலிச் சட்டத்தைத் திருப்பித் தருகிறார். எல்லாம் ஒரே அளவாக இருப்பதால், அவரவர் சட்டத்தையே தேடி அலைய வேண்டியதில்லை.

நமது கிராமங்களிலும் இதைச் சிறிய அளவில் செய்யலாம். பக்கத்துப் பக்கத்து ஊர்களில் உள்ள நாலைந்து பண்ணைக்காரர்களோ, ஒரு விவசாயிகள் குழுவோ சேர்ந்து ஒரே அளவுத் தட்டை வாங்கி, ஓரத்தில் ஒரே நிறத்தில் பெயிண்ட் அடையாளம் வைக்கலாம். தட்டுக்கு இவ்வளவு என்று முன்பணம் பெற்று, சீட்டில் எண்ணிக்கை எழுதித் தரவேண்டும். தட்டு திரும்பியதும் பணம் திரும்ப வேண்டும். அதில் இழுபறி இருந்தால் விவசாயி தட்டைக் கொண்டுவர மாட்டார்.

நடவு நேரத்தில் சிறு விவசாயிக்குக் கையில் பணம் இருக்காது. முன்பணம் பெரிய தொகையானால் அவர் மலிவான நாற்றைத் தேடிப் போய்விடுவார். வாடிக்கைக்காரருக்குக் கணக்கில் எழுதிக்கொண்டு, திரும்பாத தட்டுக்கு மட்டும் அடுத்த முறை விலை பிடிப்பது அவருக்குப் பாரமாகாது.

தட்டைத் திருப்பித் தர இதற்கென்று வண்டி பிடிக்கத் தேவையில்லை. காலித் தட்டுகள் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும். 95 தட்டையும் கட்டினால் ஒரு சிறு கட்டுதான். தலைவாசல் காய்கறிச் சந்தைக்கோ உழவர் சந்தைக்கோ போகும் வண்டியில் போட்டு வழியில் இறக்கிவிடலாம்.

கழுவாத தட்டு நோயைக் கொண்டு வரும்

திரும்பி வரும் தட்டை அப்படியே நிரப்பி விதைப்பது ஆபத்து. குழியில் ஒட்டியுள்ள பழைய வேரிலும் நார்க்கழிவிலும் நாற்றழுகல், வாடல் நோய்க் கிருமிகள் தங்கியிருக்கும். ஓர் ஊரின் நோய் இன்னோர் ஊருக்கு இப்படித்தான் பயணம் செய்கிறது. ஒரு தட்டின் கிருமி நூறு வயலுக்குப் போய்விடலாம். எனவே கீழ்க்கண்டவாறு செய்ய வேண்டும்.

1. முதலில் தட்டைத் தட்டி, தூரிகையால் தேய்த்து, நீரைப் பீய்ச்சிக் கழுவவேண்டும். அழுக்கு இருந்தால் குளோரின் மருந்தின் வீரியம் போய்விடும்.

2. பிளாஸ்டிக் தொட்டியில் 100 லிட்டர் தண்ணீருக்கு 1.5 கிலோ புதிய பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, கசடு படிந்த பின் தெளிவை எடுத்து, அதில் தட்டுகளை 30 நிமிடம் மூழ்க வைக்கவேண்டும்.

3. பிறகு நல்ல தண்ணீரில் இருமுறை அலசி உலர்த்த வேண்டும்.

4. உலர்ந்ததும் நிழலில் அடுக்க வேண்டும். நெடுநாள் வெயிலில் கிடந்தால் பிளாஸ்டிக் உளுத்துப்போகும்.

கையுறை அணிந்து, திறந்த வெளியில் இதைச் செய்ய வேண்டும். பிளீச்சிங் பவுடரோடு அமிலம் எதையும் கலக்கக் கூடாது. நச்சு வாயு கிளம்பும். மீந்த கரைசலைக் கிணற்றிலோ வாய்க்காலிலோ கொட்டக் கூடாது. நாற்று வாடிச் செத்த தட்டுகளைத் தனியே பிரித்துக் கடைசியில் கழுவ வேண்டும்.

தட்டைக் கழுவினால் இலைச் சுருட்டு வைரஸ் நிற்கும் என்று எண்ணிவிடக் கூடாது. அதைப் பரப்புவது வெள்ளை ஈ. அதற்குக் குடிலைச் சுற்றிப் பூச்சி வலை வேண்டும். சந்தையிலிருந்து வரும் காய்கறிப் பெட்டியில் அழுகலும் பூச்சியும் இருக்கலாம். அதையும் கழுவாமல் நாற்று அடுக்கக் கூடாது.

உடைந்த தட்டு

வெடித்த தட்டை வீட்டுத் தோட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்கும் உதவாததைப் பழைய பிளாஸ்டிக் வாங்குவோரிடம் போட வேண்டும், எரிக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்குத் தடை உள்ளது. குழித்தட்டு பலமுறை உழைக்கக்கூடிய பொருள். அதை ஒருமுறையோடு எறிந்தால் அதுவும் குப்பையாகவே சேரும்.

நாற்று வாங்கும் விவசாயி இனி இரண்டு கேள்விகள் கேட்பது நல்லது. தட்டைக் கழுவி விதைத்தீர்களா? திருப்பித் தந்தால் எவ்வளவு கழிப்பீர்கள்? இதற்கு நேராகப் பதில் சொல்லும் பண்ணையில் வாங்கினால் செலவும் குறையும், பயிரும் பிழைக்கும்.