மலைச் சாலையில் ஒரு பீட்டில் – 6: பெயின்டுக்கு முன் பிரேக்

சென்ற வாரம் காற்றால் குளிரும் எஞ்சினைப் பார்த்தோம். மலை ஏறும்போது வொக்ஸ்வேகன் பீட்டிலைக் காப்பது அதன் விசிறி. இறங்கும்போது காக்க வேண்டியவை பிரேக் டிரம்கள். ஊவாவில் பழைய காரைப் புதுப்பிக்கத் தொடங்கும் பலர் பெயின்டுக்கும் குரோமுக்கும் காசைக் கொட்டுகிறார்கள். இந்த மலையில் முதல் காசு பிரேக்குக்குத்தான் போக வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். பண்டாரவளை சுமார் 1,225 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பதுளை சுமார் 680. இருவர் ஏறிய பீட்டில் 900 கிலோவைத் தொடும். தெமோதரை, ஹாலிஎல வழியாக அது இறங்கி முடிக்கையில் வெளிப்படும் சக்தி, 14 லீட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். கியரைக் குறைத்தால் அதில் நல்ல பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். பெற்றோலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டால் சுமை டிரம்களின் தலையில் விழும். சூடேறிய டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும். லைனர் வழுவழுத்துப் போகும். ஈரம் உறிஞ்சிய பிரேக் ஒயில் கொதித்துக் குமிழிவிடும். மிதித்த பெடல் அடிவரை போய்விடும்.

பலமுறை லேத்தில் கடைந்த டிரம்மில் இரும்பு குறைவு. சூட்டைத் தாங்கும் பலமும் குறைவு. "இன்னொரு தரம் கடைஞ்சு தாறேன் ஐயா" என்று பட்டறையில் சொன்னால், உள்விட்டத்தை அளக்காமல் சம்மதிக்காதீர்கள். புதிதில் அது 230 மி.மீ. கையேட்டின் எல்லையைத் தாண்டியதைக் கழித்துவிடுங்கள். மாற்றும்போது இரு பக்கமும் சோடியாக மாற்றுங்கள். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் கார் ஒரு பக்கம் இழுக்கும்.

பின் டிரம்மின் வேலை ஜேக் போடுமுன்பே தொடங்குகிறது. கார் தரையில் நிற்கும்போதே ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்குக் கல் வைத்து, கொட்டர் பின்னை உருவி, 36 மி.மீ. நட்டைத் தளர்த்திவிட வேண்டும். பிறகு காரைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, சக்கரத்தையும் நட்டையும் கழற்றி, அட்ஜஸ்டரைத் தளர்த்தினால் டிரம் கழன்று வரும். வராவிட்டால் புல்லர் போடுங்கள். விளிம்பில் சுத்தியலால் அடித்தால் வெடிக்கும். உள்ளே இருக்கும் தூசியை ஊதாதீர்கள். பழைய லைனரில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம், ஈரத்துணியால் துடையுங்கள். ஷூவில் எண்ணெய் படிந்திருந்தால் அச்சு சீல் கசிகிறது. அதை மாற்றாமல் புது டிரம் போட்டுப் பயனில்லை.

நட்டை இறுக்குவதும் சக்கரம் தரையில் இருக்கும்போதுதான். ஒரு மீற்றர் குழாயின் நுனியில் 30 கிலோ பாரம் அழுத்தும் அளவு இறுக்கம் வேண்டும். கொட்டர் பின்னின் துளை பொருந்தாவிட்டால் மேலும் இறுக்குங்கள், ஒருபோதும் தளர்த்தாதீர்கள். தளர்ந்த நட்டு டிரம்மின் பற்களைத் தின்றுவிடும். வீல் சிலிண்டரையோ குழாயையோ கழற்றியிருந்தால் காற்றை எடுக்க வேண்டும். நம் கார்களில் ஸ்டியரிங் வலப்பக்கம் இருப்பதால், மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவான பின் இடச் சக்கரத்தில் தொடங்குங்கள்.

எல்ல–வெல்லவாய வீதியில் 2025 செப்டெம்பர் 4 அன்று பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. நம் தோட்டத்து வீதிகளில் நடைபாதை கிடையாது. கொழுந்துச் சாக்கோடு வரும் பெண்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அதே வளைவில்தான் நடக்கிறார்கள். புது டிரம்மைச் சமதரையில் பலமுறை நிறுத்திப் பாருங்கள். பெடல் உறுதியாக நிற்கும்வரை காரை இறக்கத்துக்குக் கொண்டுவராதீர்கள்.