மேகம் மூடினாலும் சம்பா தெரியும்

காவிரி டெல்டாவில் சம்பா தூர் கட்டும் நேரம் பார்த்துத்தான் வடகிழக்குப் பருவமழை கொட்டும். எந்த ஊர் மூழ்கியது, எது தப்பியது என்று அரசும் காப்பீட்டு நிறுவனமும் தெரிந்துகொள்ள வேண்டிய நேரமும் அதுவே. ஆனால், அப்போது செயற்கைக்கோள் கேமரா மேலிருந்து எடுத்தால் கிடைப்பது மேகத்தின் படம்தான்.

வானம் வெளுத்த நாளில் கேமராவுக்குக் கணக்கு எளிது. பச்சையம் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியை இலை திருப்பி அனுப்பும். இரண்டின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவதுதான் என்.டி.வி.ஐ. என்ற பசுமைக் குறியீடு. வெறும் மண்ணுக்குப் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். செழித்த பயிருக்கு 0.8 வரைகூட ஏறும். பயிர் வாடினால் இறங்கும்.

மழைக்காலத்துக்கு வேண்டியது ரேடார். 2014-ல் ஐரோப்பா ஏவிய சென்டினல்-1 செயற்கைக்கோள் தானே நுண்ணலையை அனுப்பி, திரும்பி வருவதை அளக்கிறது. மேகமும் இரவும் அதற்குத் தடையில்லை.

நெல்லைக் காட்டிக்கொடுப்பது தண்ணீர்

நடவுக்காகத் தண்ணீர் கட்டிய வயலில் பட்ட அலை வேறு பக்கம் தெறித்துவிடும். படத்தில் அந்த இடம் கறுப்பு. தூர் வெடித்துத் தண்டுகள் எழும்ப எழும்ப, திரும்பி வரும் அலை கூடும். அதே இடம் படத்துக்குப் படம் வெளுத்துவரும். கறுத்து வெளுக்கும் இந்த வரிசையை வைத்து நெல் எங்கே, நடவு எப்போது என்று கணிக்கலாம். இந்த முறையில்தான் கோவை வேளாண் பல்கலைக்கழகமும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனமும் 'ரைஸ்' திட்டத்தில் கைகோத்துத் தமிழகத்தின் நெல் பரப்பை வரைபடமாக்கின. 2016-ல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் பொய்த்தபோது, விதைப்பே நடக்காத கிராமங்களைக் காப்பீட்டுக்காக அடையாளம் காண இந்தத் தரவுகள் கைகொடுத்தன.

எங்கே தடுமாறும்?

கடைமடையில் புழுதியில் நேரடியாக விதைப்பவர்கள் அதிகம். அங்கே தொடக்கத்தில் தண்ணீர் நிற்காததால் அந்தக் கறுப்பு தெளிவாக விழாது. அடுத்தது அளவு. 10 மீட்டருக்கு ஒரு புள்ளி என்றால் ஒரு மா நிலத்துக்குப் பதின்மூன்று புள்ளிகள்தான். ஓரப் புள்ளிகளில் வரப்பும் பக்கத்து வயலும் கலந்துவிடும். பசுமை குறைந்தது தெரியும். காரணம் புகையான் பூச்சியா, தழைச்சத்துக் குறைவா என்பது வரப்பில் இறங்கிப் பார்ப்பவருக்கே தெரியும்.

ஆகவே, செயற்கைக்கோள் ஊரைப் பார்க்கத் தோதானது. தனி வயலுக்குத் தீர்ப்பு எழுத அல்ல. ஆனால், அதன் சொல்லுக்கு எடை கூடிவருகிறது. 2023 முதல் பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் நெல் விளைச்சலைக் கணக்கிடும்போது, செயற்கைக்கோள் தரவு சார்ந்த தொழில்நுட்ப மதிப்பீட்டுக்குக் குறைந்தது 30 சதவீதப் பங்கு தர வேண்டும் என்பது ஏற்பாடு. மீதிக்குப் பழைய பயிர் அறுவடைப் பரிசோதனை.

அந்தப் பரிசோதனை ஊரார் கண்ணெதிரில் நடக்கும். 5-க்கு 5 மீட்டர் அளந்து, அறுத்து, எடை போடுவதில் சந்தேகம் வந்தால் அங்கேயே கேட்கலாம். கணினி சொல்லும் விளைச்சலை யாரிடம் கேட்பது? கிராமவாரியாக அந்த எண்ணையும் நடவு வரைபடத்தையும் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டி, ஆட்சேபம் சொல்ல அவகாசம் தர வேண்டும். இழப்பீட்டை முடிவு செய்யும் கணக்கு எதுவானாலும், அதைச் சரிபார்க்கும் உரிமை விவசாயிக்கு உண்டு.