பன்மொழித் திறனும் நம் மாணவரும்

நம் கல்லூரிக்கு வரும் மாணவருள் ஒரு மொழி மட்டும் அறிந்தவர் அரியர். ஓதுபள்ளியில் அரபு எழுத்தைக் கூட்டி ஓதக் கற்றிருப்பர். சிலர் வீட்டில் உருது பேசுவர். தேர்வை ஆங்கிலத்தில் எழுதுவர். ஆயினும் அரபை ஓதுவார் பொருள் அறியார்; உருது பேசுவார் எழுத அறியார்; ஆங்கிலம் எழுதுவார் பேச நாணுவார். பகுதி 1இல் தமிழ், அரபு, உருது ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்துவிட்டால் ஏனையவற்றைப் பற்றிக் கேட்பாரில்லை. எதில் மதிப்பெண் மிகும் என்பதே அத்தேர்வுக்கும் அளவுகோலாகிவிட்டது.

ஈராண்டுகளுக்கு முன், அரபைப் பாடமாக எடுத்த மாணவர் ஒருவர் பழைய கையெழுத்துச் சுவடி ஒன்றைக் கொணர்ந்தார். மறைந்த உம்மும்மாவின் பெட்டியில் கிடைத்ததாம். "எழுத்துத் தெரிகிறது ஐயா, பொருள்தான் விளங்கவில்லை. அகராதியிலும் இல்லை" என்றார். வாய்விட்டு வாசிக்கச் சொன்னோம். புள்ளி மிகுந்த சில எழுத்துகளில் தடுமாறினார். இளமையில் கற்றதை நினைவிற் கொண்டு நாமும் உதவினோம். (நமக்கும் பாதி மறந்துதான் இருந்தது.) மூன்றாம் வரியில் 'திப்பிலி' என்று ஒலித்ததும் மாணவர் திகைத்து நிறுத்திவிட்டார். மகப்பேற்று மருந்துக் குறிப்பு அது. மொழியோ தூய தமிழ்!

அரபு எழுத்தில் தமிழை எழுதும் இம்முறையே அரபுத்தமிழ். அரபியில் இல்லாத ப, ட, ண, ள, ழ போன்ற ஒலிகளுக்கு, உள்ள எழுத்துகளிலேயே புள்ளி முதலிய குறிகளைக் கூட்டிப் புதுவடிவம் கண்டனர் நம் முன்னோர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அரபிலும் அரபுத்தமிழிலும் நூல்கள் இயற்றினார். பள்ளிக்கூடம் காணாத பெண்டிரும் ஓதக் கற்ற எழுத்தைக் கொண்டே தாய்மொழியை எழுதினர். ஒரு மொழியிற் பெற்ற பயிற்சியை மற்றொன்றுக்கு ஆக்கிக்கொள்ளும் இத்திறனையே பன்மொழித் திறன் என்கிறோம். பல மொழிகளில் சான்றிதழ் சேர்ப்பதை அன்று.

இதனை வகுப்பிலும் பயிற்றலாம். வசூல், ரத்து, ஜாமீன், ஆஜர் என நாள்தோறும் வழங்கும் சொற்களை எடுத்துக்கொண்டோம். அரபு மாணவர் வேரைக் காட்டினார்; உருது பேசுபவர் தம் வீட்டு ஒலிப்பைச் சொன்னார்; தமிழ் மாணவர் அவை தமிழில் அடைந்த திரிபை விளக்கினார். ஆங்கில நாளிதழ்ச் செய்தியைப் படித்துத் தமிழில் வாய்மொழியாகச் சொல்லும் பயிற்சியும் பயன் தந்தது.

சுவடியில் பன்னிரண்டு பக்கங்களை அம்மாணவர் தமிழெழுத்தில் பெயர்த்துள்ளார். மூன்று மருந்துப் பெயர்கள் மட்டும் எங்களுக்குப் பிடிபடவில்லை. அவ்வெழுத்தும் அம்மருந்தும் அறிந்த பெரியோர் துறைக்கு ஒருமுறை வந்து உதவ வேண்டுகிறோம்.